கோடு போட்ட பிறகு கருத்துக் கேட்பது கலந்தாய்வு ஆகாது

திருகோணமலை நகரைச் சுற்றிப் புதுவீதி அமைக்கத் திட்டமிடும் அதிகாரிகளுக்கும், அதற்கு ஒப்புதல் வழங்கப்போகும் திணைக்களத் தலைவர்களுக்கும்,

கலந்தாய்வுக் கூட்டத்தில் நீங்கள் சுவரில் ஒட்டிய வரைபடம் ஒன்றுக்கு ஐம்பதாயிரம் அளவுத்திட்டத்தில் இருந்தது. அந்த அளவில் படத்தின் ஒரு மில்லிமீற்றர் நிலத்தில் 50 மீற்றர். வீதிக்கு நீங்கள் கேட்கும் அகலம் 30 மீற்றர், படத்தில் அரை மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூட. ஆனால் படத்தில் கீறியிருந்த சிவப்புக் கோட்டின் தடிப்பு இரண்டு மில்லிமீற்றர். நிலத்தில் அது 100 மீற்றர். பத்துப் பேர்ச் வளவு ஒன்று சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 16 மீற்றர் வரும். கோட்டின் தடிப்புக்குள் மட்டும் ஆறு வளவுகள் அடுத்தடுத்து அடங்கிவிடும். தன் வளவு கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று கேட்ட சனத்துக்குக் கிடைத்த பதில், “அது பிறகு அளந்துதான் தெரியும்.” பிறகு அளந்துதான் தெரியுமென்றால், இப்போது எதைப் பற்றிக் கருத்துச் சொல்வது?

சுற்றுவீதி தேவைதானா, தேவையென்றால் எங்கே, எப்படி என்று மூன்று கேள்விகள் இருக்கின்றன. முதல் இரண்டுக்கும் நீங்களே விடை எழுதிவிட்டு, மூன்றாவதில் “மரம் எங்கே நடலாம், பஸ் தரிப்பிடம் எங்கே வைக்கலாம்” என்ற பகுதியை மட்டும் எங்களிடம் தந்திருக்கிறீர்கள். அதை எங்களால் ஏற்க முடியாது. ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறோம்.

முதலில் நெரிசல். திருகோணமலை வழியில் கிடக்கிற ஊர் இல்லை. அம்பேபுசையில் தொடங்கும் ஏ6 வீதி குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் தாண்டி இங்கே வந்து முடிகிறது. புத்தளத்தில் தொடங்கும் ஏ12 அனுராதபுரம், ஹொரவப்பொத்தானை தாண்டி இங்கே முடிகிறது. மட்டக்களப்பிலிருந்து மூதூர், கிண்ணியாவால் வரும் ஏ15 நகருக்குள் நுழையுமுன்பே ஏ6 ஆன கண்டி வீதியோடு சேர்ந்துவிடுகிறது. அதற்கப்பால் கடல். நகரை ஊடறுத்து மறுபக்கம் போகிற ஒரே பெரிய வீதி, வடக்கே நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டைக்குப் போவதுதான். சீனன்குடாவில் மா ஆலை இருக்கிறது, சிமெந்து ஆலை இருக்கிறது, எண்ணெய்க் குதங்கள் இருக்கின்றன. அங்கே ஏற்றிக்கொண்டு ஹபரணைப் பக்கம் இறங்கும் லொறியும் பவுசரும் நகருக்குள் வருவதேயில்லை. வராத வாகனத்தை நகரைச் சுற்றித் திருப்பிவிட்டு என்ன பயன்?

நகருக்குள் நெருக்குவது எதுவென்று இங்கே குடியிருக்கிற எவரும் சொல்வார்கள். பள்ளிக்கூடம் தொடங்குகிற 7.30க்கு முந்திய அரைமணி நேரமும், விடுகிற 1.30க்குப் பிந்திய அரைமணி நேரமும். பஸ் நிலையத்தைச் சுற்றி ஆள் சேரும்வரை ஊர்ந்துகொண்டு நிற்கும் தனியார் பஸ்கள். பட்டப்பகலில் கடைவாசலில் சாமான் இறக்கும் லொறிகள். மாவட்டச் செயலகமான கச்சேரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் வரும் கிராமத்துச் சனம். கோணேசர் கோயிலுக்கு வரும் யாத்திரை பஸ்கள்; கோயில் இருக்கும் கோட்டையின் வாசலால் ஒரு நேரத்தில் எத்தனை பஸ் போய்வரலாம் என்று பார்த்தால் மற்றவை எங்கே போய் நிற்கும் என்பது விளங்கும். (வீதி நடுவில் நின்று யோசிக்கும் மான்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவை எந்தச் சுற்றுவீதியாலும் போகப்போவதில்லை.) இவை எல்லாம் நகருக்கென்றே வருகிற வாகனங்கள். நகருக்கு மேற்கே கன்னியாப் பக்கத்தால் வீதி போட்டாலும் இவை நகருக்குள் வந்துதான் ஆகும்.

நாங்கள் சொல்வது பிழையாக இருக்கலாம் என்று நீங்கள் நினைத்தால், அதைச் சரிபார்க்க வழி இருக்கிறது. நீங்கள் கூட்டத்தில் காட்டியது வீதிக்குக் குறுக்கே ரப்பர்க் குழாய் போட்டு எடுத்த எண்ணிக்கை. அந்தக் குழாய் சில்லுச் சோடியை எண்ணும். வாகனம் எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்பதை அது சொல்லாது. சுற்றுவீதிக்குத் தேவையான ஒரே எண், வந்த வாகனங்களில் எத்தனை நகரில் நிற்காமல் கடந்து போகின்றன என்பதுதான். அது குழாயில் வராது, இலக்கத்தகட்டுக் கணக்கெடுப்பில்தான் வரும்.

வேறு நகரங்களுக்கு இது சிக்கலான வேலை. இங்கே சுலபம், ஏனென்றால் நகருக்குத் தரைவழி வாசல் மூன்றுதான்: கண்டி வீதி, அனுராதபுர வீதி, நிலாவெளி வீதி. அனுராதபுரச் சந்திக்கு வருமுன் முதல் இரண்டிலும், சாம்பல்தீவுப் பாலத்தடியில் மூன்றாவதிலும் ஆள் வைத்தோ கமெராவாலோ தகட்டு இலக்கத்தையும் நேரத்தையும் பதிய வேண்டும். ஒரு வாசலால் உள்ளே வந்த வாகனம் முக்கால் மணி நேரத்துக்குள் இன்னொரு வாசலால் வெளியேறினால் அது கடந்துபோன வாகனம். வெளியேறாவிட்டால் நகருக்கு வந்த வாகனம். காலை 6 மணியிலிருந்து இரவு 10 வரை, கார், வேன், பஸ், லொறி, பவுசர், முச்சக்கரவண்டி, மோட்டார் சைக்கிள் என்று பிரித்து எடுக்க வேண்டும். ஒரே கிழமையில் எடுத்து முடிக்கவும் கூடாது. மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை நிலாவெளிக் கடற்கரைக்குச் சனம் வரும் காலம், மாரி காலம், பள்ளி விடுமுறைக் காலம், கோணேசர் கோயிலின் பங்குனித் திருவிழாக் காலம், நாலும் நாலு விதம். விடுமுறையில் எண்ணினால் காலை நெரிசல் காணாமற் போகும். ஓகஸ்ற் சனிக்கிழமையில் மட்டும் எண்ணினால் நிலாவெளி வீதி பெருத்துத் தெரியும்.

எண்ணிக்கை வந்த பிறகு கணக்கு எளிது. ஒரு பேச்சுக்கு, நூறு வாகனத்தில் பத்துத்தான் கடந்துபோகின்றன என்று வையுங்கள். சுற்றுவீதி அந்தப் பத்தையும் முழுதாக இழுத்தாலும் மிச்சத் தொண்ணூறும் அதே சந்தியில்தான் நிற்கும். நாற்பது கடந்துபோகின்றன என்றால் நாங்களே உங்களோடு சேர்ந்து வீதி கேட்போம். பத்தா நாற்பதா என்று தெரியாமல் கோடு கீறியதுதான் எங்களுக்கு விளங்கவில்லை.

சுற்றுவீதியால் நன்மையே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. புல்மோட்டைக் கனியமணல் லொறி, வடக்கே எரிபொருள் கொண்டுபோகும் பவுசர் போன்றவை வீட்டுவாசல்களை உரசிக்கொண்டு போகத் தேவையில்லை. 2004 டிசெம்பரில் கடல் வந்தபோது கரையோரத்தில் கடலுக்குச் சமாந்தரமாக ஓடும் வீதிகள் தப்பி ஓட உதவவில்லை. மேற்கே மேட்டுநிலத்துக்குப் போகும் குறுக்குப் பாதைகள்தான் வேண்டியிருந்தன. இந்தக் காரணங்களுக்காக வீதி போடுவதானால் அதன் வடிவம் வேறு. கரையூர்களிலிருந்து மேற்கே ஏறும் இணைப்புப் பாதைகள் முதலில் வரவேண்டும், நீளப்போகும் பெருவீதி பிறகு வரலாம். எந்தக் காரணத்துக்காக என்பதை எழுத்தில் சொன்னால்தான் எந்த வடிவம் சரி என்று பேச முடியும். உங்கள் துண்டுப்பிரசுரத்தில் இருந்ததெல்லாம் “அபிவிருத்தி” என்ற ஒரே சொல்.

அடுத்தது தண்ணீர். இதில்தான் எங்களுக்குப் பயம் அதிகம்.

நகருக்கு மேற்கே குன்றும் பற்றையும், இடையிடையே சிறுகுளமும் வயலும். ஒக்ரோபர் தொடங்கித் தை வரை பெய்கிற மாரித் தண்ணீர் அந்த மேட்டிலிருந்து இறங்கி, ஒரு பங்கு சாம்பல்தீவுக் களப்புப் பக்கமும் இன்னொரு பங்கு தெற்கே உட்துறைமுகம், தம்பலகாமப் பக்கமும் போய்க் கடலில் சேர்கிறது. தெற்கு வடக்காக நீங்கள் போடும் வீதி அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே விழுகிறது. பள்ளத்தில் இரண்டு மீற்றர் உயரத்துக்கு மண் நிரப்பி வீதி போட்டால் அது பெயரில் வீதி, வேலையில் குளக்கட்டு. குளக்கட்டுக்காவது தண்ணீர் திறந்துவிடத் துருசும், மிஞ்சியது வழிந்தோட வானும் இருக்கும்.

“மதகு வைப்போம்” என்று சொன்னீர்கள். எத்தனை, எந்த அளவு என்று கேட்டால் விவரம் இல்லை. ஒரு சதுரக் கிலோமீற்றர் நீரேந்து பரப்பில் மணிக்கு 50 மில்லிமீற்றர் மழை அடிக்கிறது என்று வையுங்கள், எங்கள் மாரியில் அது புதினமான மழை அல்ல. விழுகிற தண்ணீரில் ஐந்தில் இரண்டு பங்கு ஓடி வந்தாலும் விநாடிக்கு ஐந்தரைக் கனமீற்றர் தண்ணீர் வீதியடிக்கு வரும். வழமையாகப் புதைக்கிற 900 மில்லிமீற்றர் ஹியூம் குழாய் (கொங்கிறீற்றுக் குழாய்) ஒன்று, நிறைந்து ஓடினால் விநாடிக்கு ஒன்றேகால் கனமீற்றரைக் கடத்தும். நாலு குழாய் வைத்தாலும் போதாது. அதுவும் குழாய் சுத்தமாக இருந்தால். இரண்டாம் வருடத்தில் சல்வீனியா நீர்க்களையும் ஷொப்பிங் பையும் வாழைத்தண்டும் வந்து அடைத்து அரைவாசி போய்விடும், துப்பரவாக்க ஆள் வராது. இரண்டு மீற்றர் அகலமும் ஒன்றரை மீற்றர் உயரமும் உள்ள பெட்டி மதகு ஒன்று இதே தண்ணீரைத் தனியே கடத்தும்; ஆள் உள்ளே இறங்கிக் கையாலும் துப்பரவாக்கலாம். செலவு கூட என்பது தெரியும். அதை இப்போதே மதிப்பீட்டில் போடாவிட்டால், ஒப்பந்தக்காரர் வந்த பிறகு குழாய்தான் வரும்.

மதகின் அடிமட்டம் இன்னொரு தொல்லை. அது வாய்க்காலின் அடியைவிட ஒரு சாண் உயர்ந்தாலும் மேல்பக்க வயலில் தண்ணீர் தேங்கும். நெற்பயிர் சில நாள் மூழ்கினால் தாங்கும், கிழமைக்கணக்கில் நின்றால் அழுகும். ஒரு சாண் தாழ்ந்தால் மதகுக்குள் மண் சேரும். ஆகவே ஒவ்வொரு மதகின் அடிமட்டத்தையும் அந்தந்தக் கமக்காரர் அமைப்போடு வயலில் நின்று தீர்மானிக்க வேண்டும். கொழும்பில் இருந்து கணினியில் தீர்மானிக்கிற வேலை அல்ல இது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி மழைக்கு மகாவலி பெருகி மூதூர், வெருகல் பக்கத்துத் தாழ்நிலங்கள் பட்ட பாட்டை இந்த மாவட்டம் இன்னும் மறக்கவில்லை. அந்த வெள்ளம் எங்கெங்கே எவ்வளவு உயரத்துக்கு நின்றது என்று ஊரவர்கள் சுவர் அடையாளம் காட்டுவார்கள். உங்கள் பொறியியலாளர்கள் கேட்டால் போதும்.

நிரப்புகிற மண்ணுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மேல் அகலம் 12 மீற்றர், உயரம் 2 மீற்றர், பக்கச் சரிவு ஒன்றுக்கு இரண்டு என்று எடுத்தால் அடி அகலம் 20 மீற்றர் ஆகும். ஒரு கிலோமீற்றருக்கு இறுக்கிய நிலையில் 32,000 கனமீற்றர் கிரவல். இறுக்குமுன் ஐந்தில் ஒரு பங்கு கூட வேண்டும். மூன்று கியூப் கொள்ளும் ரிப்பர் லொறி ஒன்றில் எட்டரைக் கனமீற்றர் வரும். ஆக, ஒரே கிலோமீற்றர் தாழ்நிலத்துக்கு ஏறக்குறைய 4,500 ரிப்பர் லோட். அந்தக் கிரவலை எந்த மலையில், எந்தக் காட்டில் வெட்டப்போகிறீர்கள்? அந்த ரிப்பர்கள் எந்த ஊர் ஒழுங்கையால் ஓடப்போகின்றன? சாதாரண ஊர் வீதி அந்தப் பாரத்துக்குப் போட்டதல்ல. திட்டம் முடிகிறபோது சுற்றுவீதி காப்பெற்றாக இருக்கும், கிராமத்து வீதி குழியாக இருக்கும், அதைத் திருத்தப் பிரதேச சபையிடம் காசு இருக்காது. கிரவல் வெட்டிய கிடங்குகளில் மாரித் தண்ணீர் நிறைந்து பிள்ளைகளுக்கு ஆபத்தாவது தனி.

காணி விடயத்துக்கு வருவோம். 30 மீற்றர் அகல வீதி ஒரு கிலோமீற்றருக்கு மூன்று ஹெக்டயர், அதாவது ஏழு ஏக்கருக்கு மேல் விழுங்கும். 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின் நடைமுறையை நீங்கள் எங்களைவிட நன்றாக அறிவீர்கள். பிரிவு 2 அறிவித்தலோடு அளவைக்கு இறங்கலாம். பிரிவு 4 அறிவித்தலுக்குப் பிறகு ஆட்சேபனைக்குக் குறைந்தது 14 நாள். பிரிவு 5 பிரகடனம் வந்துவிட்டால் தேவை பொதுத்தேவைதானா என்ற கதை அதோடு முடிந்தது. பிரிவு 7இல் உரிமை கோரச் சொல்வீர்கள், பிரிவு 9இல் விசாரணை, பிரிவு 17இல் நட்டஈட்டுத் தீர்ப்பு. அவசரமென்று பிரிவு 38இன் விதிவிலக்கைப் பாவித்தால் நட்டஈடு வருமுன்பே காணி போய்விடும். ஆட்சேபனைக்குரிய அந்த 14 நாளும் கோடு முடிவான பிறகு வருகிற நாட்கள். கோட்டை மாற்றக்கூடிய நேரம் இப்போதுதான் இருக்கிறது. இப்போது நடக்கும் கலந்தாய்வு சரியாக நடக்க வேண்டும் என்று நாங்கள் விடாப்பிடியாக நிற்பது இதனால்தான்.

அதோடு இந்த மாவட்டத்துக் காணிப் பத்திரங்களின் நிலைமை உங்களுக்குத் தெரியாததல்ல. 1990இலும் 2006இலும் இடம்பெயர்ந்தபோது காணி உறுதி எரிந்தவர்கள், தொலைத்தவர்கள் ஏராளம். அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பேர்மிட் காணி தகப்பன் பெயரில் இருக்கும். தகப்பன் இறந்து, பின்னுரித்து எழுதாமல், மூன்று பிள்ளைகள் பிரித்து வீடு கட்டியிருப்பார்கள். பத்திரமே இல்லாமல் அரசகாணியில் இரண்டு தலைமுறையாகப் பயிர் செய்பவர்கள் இருக்கிறார்கள். உறுதிக்காரர் சிலர் கனடாவில் இருப்பார்கள், காணியில் இருப்பது தமக்கையின் குடும்பமாக இருக்கும். பிரிவு 7 அறிவித்தல் பெயருக்குத்தான் போகும், குடியிருப்பவருக்குப் போகாது. கணக்கெடுப்பு நாள் ஒன்றை முன்கூட்டி அறிவித்து, அன்று யார் எங்கே குடியிருந்தார், என்ன பயிர் செய்தார் என்று கிராம சேவகர் முன்னிலையில் பதிந்து, அந்தப் பட்டியலைப் பிரதேச செயலகத்தில் ஒட்டாவிட்டால், நட்டஈடு கொடுக்கிற நேரம் ஆள் மாறும். வீதி எடுத்த பின் மிஞ்சும் மூன்று பேர்ச் முக்கோணத் துண்டில் வீடும் கட்ட முடியாது, விற்கவும் முடியாது. அப்படியானவற்றைச் சேர்த்து எடுப்பீர்களா என்பதும் இப்போதே தெரிய வேண்டும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறோம். இந்த மாவட்டத்தில் எல்லைக்கல் என்றால் சனத்துக்கு வயிற்றைக் கலக்கும். காடு என்று ஒரு கல், தொல்பொருள் என்று ஒரு கல், படைக்கென்று ஒரு வேலி என்று பார்த்துப் பழகியவர்கள். அறிவித்தல் இல்லாமல் சேர்வேயர் சங்கிலியோடு இறங்கினால் “வீதிக்குத்தான்” என்று நீங்கள் சொல்வதை எவரும் நம்பமாட்டார்கள். அந்த நம்பிக்கையீனத்துக்கு ஒரே மருந்து எல்லாவற்றையும் முன்னுக்கே மேசையில் வைப்பதுதான்.

சுற்றாடல் பற்றிச் சுருக்கமாக. 10 கிலோமீற்றரைத் தாண்டும் தேசிய, மாகாணப் பெருவீதியும், 100 குடும்பங்களுக்கு மேல் எழுப்பும் திட்டமும், 4 ஹெக்டயருக்கு மேல் ஈரநிலம் நிரப்புவதும், ஒரு ஹெக்டயருக்கு மேல் காட்டை மாற்றுவதும் 1993 ஜூன் 24ஆம் திகதிய 772/22 இலக்க அதிவிசேட வர்த்தமானிப்படி “விதிக்கப்பட்ட திட்டங்கள்”, அதாவது சுற்றாடல் அனுமதி பெற வேண்டியவை. சுற்றாடல் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கை என்றால் அதை 30 நாள் பொதுமக்கள் பார்த்துக் கருத்துச் சொல்லலாம். அதைவிடச் சுருக்கமான ஆரம்ப சுற்றாடல் பரிசோதனையோடு முடித்துவிட்டால் அந்த 30 நாள் இல்லை. ஒரே வீதியைக் கட்டம் ஒன்று, கட்டம் இரண்டு என்று பத்துக் கிலோமீற்றருக்குக் கீழான துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றும் சிறியது என்று சொல்லித் தப்புகிற வேலை இங்கே நடக்கக்கூடாது. சாம்பல்தீவுக் களப்போரமும் நேவல் ஹெட்வேர்க்ஸ் சரணாலயமும் உள்ள பிரதேசம் இது. மேற்கே மொறவெவப் பக்கத்து யானை வழித்தடங்களையும் பார்க்காமல் வேலி அடித்தால் யானை ஊருக்குள் திரும்பும்.

இனிக் கூட்டம் நடந்த விதம். வேலைநாள் காலை பத்து மணிக்கு, குளிரூட்டிய மண்டபத்தில் வைத்தீர்கள். அந்த நேரத்தில் கரைவலைக்காரர் வலை இழுத்துக்கொண்டிருப்பார்கள், கூலிக்காரர் வேலையில், பெண்கள் அடுப்படியில். வந்திருந்தவர்கள் பெரும்பாலும் உத்தியோகத்தர்களும், வீதி வந்தால் காணி விலை ஏறும் என்று காத்திருப்பவர்களும். விளக்கம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நடந்தது. தமிழில் கடைசி ஐந்து நிமிடம் சுருக்கம் சொல்லப்பட்டது. அறிக்கையின் தமிழ்ப்பகுதி என்று அனுப்பிய கோப்பு ஒருங்குறி (யூனிகோட்) அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டிருந்ததால், கைத்தொலைபேசியில் திறந்தபோது தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் வரிசையாக வந்தன. தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரை சொல்கிறது. ஒருங்குறியில் அடித்துத் தந்தால் அதை வாசிக்கவும் முடியும். கருத்துப் படிவத்தில் “ஆதரவு”, “எதிர்ப்பு” என்று இரண்டு பெட்டிகள். “இந்த வாய்க்காலை மறிக்காமல் 200 மீற்றர் மேற்கே தள்ளிப் போட்டால் ஆதரவு” என்று எழுத இடமில்லை. இடமில்லாததால் அப்படிச் சொன்னவர்கள் எல்லாம் எந்தப் பெட்டியில் எண்ணப்பட்டார்கள் என்று கேட்க விரும்புகிறோம்.

வீதி போட்டு முடித்த பின்னான நிலைமையையும் யோசியுங்கள். நாட்டில் எத்தனையோ மாற்றுவீதிகள் திறந்து சில வருடத்தில் இருபக்கமும் கடை, கராஜ், சாப்பாட்டுக்கடை என்று நிறைந்து இன்னொரு பிரதான வீதியாகிவிட்டன. ஒவ்வொரு கடைவாசலும் ஒரு சந்தி. 30 மீற்றர் அகலத்தை எடுத்துவிட்டு நுழைவாயில்களைக் கட்டுப்படுத்தாவிட்டால், பதினைந்து வருடத்தில் “வெளி வெளிச்சுற்று வீதி” கேட்டுக்கொண்டு திரும்பவும் வருவீர்கள்.

ஆகவே கேட்கிறோம்.

இப்போதைய சிவப்புக் கோட்டை முடிவான கோடு அல்ல என்று எழுத்தில் அறிவியுங்கள். அதற்குப் பதிலாகக் குறைந்தது நாலு தெரிவுகளை ஒரே மேசையில் வையுங்கள்: புதுவீதியே இல்லாமல் நகருக்குள் சீர்செய்வது, ஏற்கெனவே நகருக்கு வெளியே உள்ள வீதிகளை அகட்டி இணைப்பது, நீங்கள் கீறிய கோடு, அதற்கு மேற்கே மேட்டுநிலத்தால் போகும் கோடு. ஒவ்வொன்றுக்கும் செலவு, எடுபடும் காணி, எழும்ப வேண்டிய வீடுகள், நிரப்பும் வயல், நகருக்குள் குறையும் வாகனம் என்ற ஐந்தையும் பக்கத்துக்குப் பக்கம் காட்டுங்கள். நகருக்குள் சீர்செய்வது என்பதை வெறும் பெயருக்கு எழுத வேண்டாம். சாமான் இறக்கும் நேரத்தைக் காலை 6க்கு முன்னும் இரவு 8க்குப் பின்னும் மாற்றுவது, யாத்திரை பஸ்களுக்கு நகருக்கு வெளியே தரிப்பிடமும் அங்கிருந்து சிறு பஸ்ஸும், பஸ் நிலைய வாசலில் நின்று ஆளேற்றுவதை நிறுத்துவது, பள்ளிகள் தொடங்கும் நேரத்தைக் கால்மணி வீதம் பிரிப்பது ஆகிய நாலையும் மூன்று மாதம் செய்து பார்த்து, அதன் பிறகு வாகனத்தை எண்ணுங்கள்.

மூன்று வாசல் இலக்கத்தகட்டுக் கணக்கெடுப்பை மேலே சொன்ன நாலு காலங்களிலும் நடத்தி, முடிவை வெளியிடுங்கள்.

தெரிவு செய்த கோடுகளை ஒன்றுக்கு இரண்டாயிரம் அளவில் வரைந்து, நில அளவைத் துண்டு இலக்கங்களோடு ஒவ்வொரு கிராம சேவகர் அலுவலகத்திலும் ஒட்டுங்கள். அந்த அளவில் பத்துப் பேர்ச் வளவு எட்டு மில்லிமீற்றர் பக்கத்தோடு கண்ணுக்குத் தெரியும். கூட்டத்துக்கு முந்திய இரண்டு கிழமையும் வீதியின் இரு விளிம்பையும் நிலத்தில் கொடிக் குற்றியால் காட்டுங்கள். பிரிவு 2 அறிவித்தல் இல்லாமல் தனியார் காணிக்குள் இறங்க முடியாது என்பீர்கள். சரி, கோடு வெட்டுகிற ஒழுங்கை, வாய்க்கால், குளக்கட்டு, வயல்வரம்பு, கடற்கரைப் பாதை என்ற பொது இடங்களில் குற்றி அடித்தால் போதும். இரண்டு குற்றிக்கு நடுவில் பார்க்கச் சனத்துக்குத் தெரியும்.

வெள்ள மட்டங்களை ஊரவரிடம் பதிந்து, ஒவ்வொரு மதகின் இடம், அளவு, அடிமட்டம் அடங்கிய பட்டியலை வரைபோடு வெளியிடுங்கள். வயலை நிரப்பக் கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி பெறப்பட்டதா என்பதையும், கிரவல் எடுக்கும் இடங்களையும், ரிப்பர் ஓடும் பாதைகளையும் அதில் சேருங்கள். அந்தப் பாதைகளைத் திருத்தும் செலவு திட்டச் செலவுக்குள் வரவேண்டும், உள்ளூராட்சி மன்றத்தின் தலையில் விழக்கூடாது.

வீதி முழுவதையும் ஒரே திட்டமாக எடுத்து முழுமையான சுற்றாடல் பாதிப்பு மதிப்பீடு செய்யுங்கள். அவசர உடைமையெடுப்பைப் பாவிப்பதில்லை என்றும், நட்டஈடு கையில் கிடைத்த பிறகே வீடு உடைக்கப்படும் என்றும், பத்திரமில்லாக் குடியிருப்பாளருக்கும் மாற்றுக்காணி உண்டு என்றும் எழுதித் தாருங்கள். வீதியிலிருந்து நேரடியாக வாசல் வைக்க அனுமதிக்கும் இடங்களையும் அனுமதிக்காத இடங்களையும் வரைபில் இப்போதே குறியுங்கள்.

கூட்டங்களை மறுபடி நடத்துங்கள்: கண்டி வீதிப் பக்கம் ஒன்று, கன்னியாப் பக்கம் ஒன்று, சாம்பல்தீவு நிலாவெளிப் பக்கம் ஒன்று, கிண்ணியாவில் ஒன்று. பின்னேரம் ஐந்துக்குப் பிறகு வையுங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், விதைப்பும் அறுவடையும் நடக்கும் கிழமைகளும் வேண்டாம். பெண்களுக்குத் தனியாக ஒரு நேரம் ஒதுக்குங்கள். தமிழில் விளக்கத் தெரிந்த பொறியியலாளர் ஒருவர் தொடக்கத்திலிருந்து முடிவுவரை இருக்கட்டும். சொல்லப்பட்ட ஒவ்வொரு ஆட்சேபனையையும் இலக்கமிட்டு, ஏற்றது எது, ஏற்காதது எது, ஏன் என்று எழுதி 30 நாளுக்குள் பிரதேச செயலக அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, வேலை தொடங்க மூன்று மாதம் முன்பே திட்டத் தகவலைப் பாதிக்கப்படக்கூடிய மக்களுக்குத் தெரிவிப்பது பொறுப்பான அமைச்சின் கடமை. வாகனக் கணக்கெடுப்பின் மூலத் தரவு, சாத்தியவள ஆய்வு, கோடு தெரிவு செய்த கூட்டங்களின் அறிக்கை ஆகிய மூன்றையும் இந்த மடலோடு கேட்கிறோம். 14 வேலைநாளுக்குள் பதில் வராவிட்டால் அதே சட்டத்தின்கீழ் மேன்முறையீடு செய்வோம். பதிலைத் தமிழில், ஒருங்குறியில் அனுப்புங்கள்.

இங்ஙனம்,
திருகோணமலை நகரிலும் சூழலிலும் குடியிருப்போர், கமக்காரர், கடற்றொழிலாளர் சிலர்